கூடைக்கடியில் கடிகாரம்

திருவனந்தபுரத்தில், வலியசாலையில் நான் தங்கியிருந்த மாடியறைக்கு அடுத்த அறையில் அவர் இருந்தார். ஒரு வருஷமும் நாலு மாதமும் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கிறோம். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவர் இருமினால் எனக்குக் கேட்கும். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. விழிஞ்ஞத்தில் எல்லாரும் கூப்பிட்ட மாதிரி ஜப்பான்காரர் என்றே சொல்கிறேன். ஆள் நாகர்கோவில் பக்கம்தான். கறுப்பு, நெடுநெடு உயரம், ஐம்பதைத் தொட்ட வயசு, இடது காது பாதிதான் கேட்கும். இரண்டு பேண்ட், மூன்று சட்டை, ஒரு தகரப்பெட்டி, ஒரு கைக்கடிகாரம். அவருடைய சொத்து அவ்வளவுதான். அந்த மனிதர்மேல் பட்ட பொறாமையை நான் வேறு யார்மேலும் பட்டதில்லை.

கடிகாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் ஏதோ மலைமேல் ஒரு கோபுரம் நட்டு, அதிலிருந்து சரியான நேரத்தை ரேடியோ அலையாக அனுப்பிக்கொண்டே இருப்பார்களாம். நாம் தூங்கும்போது கடிகாரம் தானாக அதைப் பிடித்து முள்ளைச் சரிபண்ணிக்கொள்ளும். பிடித்ததா இல்லையா என்று காலையில் பார்க்க ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் நொடிமுள் விறுவிறுவென்று ஓடி, விளிம்பில் பொடியாகப் போட்டிருக்கும் இரண்டு இங்கிலீஷ் எழுத்தில் ஒன்றைக் காட்டி நிற்கும். ‘ஒய்’ என்றால் வந்தது. ‘என்’ என்றால் வரவில்லை.

அவர் கப்பலில் இருந்தவர். இன்ஜின் அறையில் பிட்டர். ஜப்பான் பக்கம் போன கப்பலில் சம்பாதித்து யோகோஹாமாவில் வாங்கியது. அங்கே தினமும் முள் ‘ஒய்’யில் போய் நின்றதாம். இன்ஜின் சத்தத்தில் காது போனதும் டாக்டர் சோதனையில் தள்ளிவிட்டார்கள். கரைக்கு வந்து, விழிஞ்ஞம் துறைமுகத்தில் புலிமுட்டு கட்டிக்கொண்டிருந்த ஒரு காண்டிராக்டரிடம் டைம்கீப்பராகச் சேர்ந்தார். புலிமுட்டு என்றால் அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல்லைக் கொட்டி நீட்டுகிற சுவர். அந்தக் கல்லைக் கொட்டுகிற டிப்பர் வண்டிகளில் ஒன்றை நான் ஓட்டினேன். அவர் கேட்டில் நின்று யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று எழுதுவார்.

திருவனந்தபுரத்துக்கு அந்த அலை வராது. அது அவருக்கே தெரியும். கடிகாரத்தோடு வந்த சின்னப் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. ஜப்பானைச் சுற்றி வட்டம், சீனாவில் ஒரு வட்டம், ஐரோப்பாவில் இரண்டு, அமெரிக்காவில் ஒன்று. நம்முடைய பக்கம் வெறும் வெள்ளை. அந்தப் படத்தை எனக்குக் காட்டியவரே அவர்தான்.

“வராதுன்னு போட்டிருக்கே” என்றேன்.

“போட்டவன் இங்க வந்து பாத்திருக்க மாட்டான் வே” என்றார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கடிகாரத்தில் ஊர் என்று ஒன்று வைக்கவேண்டும். டெல்லி என்று வைத்தால் நம்முடைய நேரம் காட்டும். ஆனால் டெல்லிக்கு அலை கிடையாது என்று கடிகாரத்துக்குத் தெரியும். அதனால் தேடிப் பார்க்கவே பார்க்காது. டோக்கியோ என்று வைத்தால்தான் ராத்திரி எழுந்து தேடும். ஆகவே அவர் டோக்கியோ என்று வைத்திருந்தார். அது நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடும். கேட்டில் ஏழு மணிக்கு அவர் கையில் பத்தரை. நேரம் எழுதுகிற ஆளின் கையில் தப்பான நேரம். மனசுக்குள் மூன்றரையைக் கழித்து எழுதுவார். நான் இருந்தவரை ஒருதடவைகூடத் தப்பவில்லை. கோட்டயம் பக்கத்திலிருந்து புதுசாக வந்த இன்ஜினியர் முதல்நாள் அந்தக் கடிகாரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, தான் மூன்றரை மணிநேரம் லேட் என்று வெலவெலத்துப் போனார். விஷயம் தெரிந்ததும் நாளையிலிருந்து மாற்றி வைத்துக்கொண்டு வரச் சொன்னார். இவரோ, எழுதுவதில் தப்பிருந்தால் மாற்றுகிறேன் என்று பணிவாகச் சொன்னார். தப்பு இல்லை. அன்றிலிருந்துதான் ஜப்பான்காரர் என்ற பெயர். அங்கே வேலைபார்த்த வங்காளத்துப் பையன்களுக்கு அவர் ஜப்பான் தாதா, அவர்கள் பாஷையில் அண்ணன்.

எனக்கு அந்தக் கடிகாரத்தின்மேல் ஆசை இருந்ததில்லை. என் பொறாமை வேறு இடத்தில் இருந்தது.

கீழே மெஸ். அதை நடத்தியவள் செண்பகம். முப்பத்தெட்டு வயசு. கட்டினவன் மஸ்கட்டில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு, கோர்ட்டில் எல்லாம் முடிந்து, ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. அவளும் சாலைக் கடைத்தெருவில் துணிக்கடையில் வேலை பார்த்த அவள் தங்கையும் பின்கட்டில் இருந்தார்கள். காலையில் இட்டிலியும் புட்டும், ராத்திரி கஞ்சியும் பயறும். இருபது பேர் வந்து சாப்பிடுவார்கள். எல்லாரும் அவளை அக்கா என்று கூப்பிட்டார்கள். நான் ஒன்றும் சொல்லிக் கூப்பிட மாட்டேன். தண்ணீர் வேண்டுமென்றால் எழுந்து நானே எடுத்துக்கொள்வேன். அக்கா என்று ஒருதடவை சொல்லிவிட்டால் பிறகு மாற்ற முடியாது என்று பயம். அவளைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டும் என்று வந்த இரண்டாம் மாதமே நினைத்துவிட்டேன். எனக்கு அப்போது நாற்பத்தொன்று. எட்டாம் வகுப்பில் படிப்பு நின்றது. அதற்கப்புறம் எந்த ஊரிலும் இரண்டு வருஷம் முழுசாக இருந்ததில்லை. இங்கே இருந்துவிடலாம் என்று தோன்றியது அவளால்தான்.

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஜப்பான்காரர் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவார். ஜன்னலில் வைத்தால் இரும்புக் கம்பி அலையைத் தின்றுவிடுமாம். மாடியின் வடகிழக்கு மூலையில் ஒரு மர முக்காலி. அதன்மேல் கடிகாரத்தை, பன்னிரண்டு மணி இருக்கிற பக்கம் வெளியே பார்க்கிற மாதிரி வைப்பார். காக்காய்க்கும் பனிக்கும் பயந்து மேலே ஒரு பிரப்பங்கூடையைக் கவிழ்த்து, கூடைமேல் ஒரு செங்கல். காலை ஐந்தரைக்குப் போய்க் கூடையைத் தூக்குவார். பொத்தானை அமுக்குவார். முள் ஓடும். ‘என்’னில் நிற்கும். அதைப் பார்த்துவிட்டுக் கையில் கட்டிக்கொண்டு, பல் தேய்க்கப் போவார். முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது.

அந்தக் கூடையை அவருக்குக் கொடுத்தது செண்பகம். அடி பிய்ந்த கூடை என்றாலும் அவள் கொடுத்தது. போகட்டும், அதுகூடப் பரவாயில்லை. காலையில் அவள் கீழ் முற்றத்தில் பாத்திரம் தேய்க்கக் குனிந்திருப்பாள். மாடிப்படியில் அவர் இறங்குகிற சத்தம் கேட்டதும் நிமிராமலே கேட்பாள்:

“வந்துதா சாரே?”

“வரல்ல கேட்டோ.”

“செரி. நாளைக்கு வரும்.”

தினமும் இவ்வளவுதான். சிலநாள், “சப்பான்ல நல்ல மழையாக்கும்” என்பாள். சிலநாள் அவர், “பாதி தூரம் வந்திட்டுத் திரும்பிப் போயிட்டு” என்பார். அவள் சிரிப்பாள். நான் மேலே பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் முழித்துக்கொண்டு கிடந்து அதைக் கேட்பேன். எனக்கு வயிறு எரியும். நான் பிழைத்த ஊர்களில் காலையில் எழுந்ததும் என்னிடம் ஒருத்தர் ஒன்று கேட்டார் என்பது கிடையாது. இவரிடம் ஒருத்தி, இல்லாத ஒரு விஷயத்தைப் பற்றித் தினமும் கேட்கிறாள்.

அந்த எரிச்சலில் ஒரு காரியம் செய்தேன். அவர் கடிகாரத்தை வைத்துவிட்டு வந்து படுத்த பிறகு மேலே போய், என்னுடைய எவர்சில்வர் சோற்றுப் பாத்திரத்தைக் கூடைக்கு ஒட்டினாற்போல் வைத்துவிட்டு வந்தேன். இரும்பு அலையைத் தின்னும் என்றால் எவர்சில்வரும் கொஞ்சம் தின்னுமல்லவா. ஒரு வாரம் இப்படிச் செய்தேன். வராத ஒன்றை வரவிடாமல் பண்ண ராத்திரி மாடியேறிப் போன ஆள் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். எட்டாம் நாள் அவர் பாத்திரத்தைக் கொண்டுவந்து என் கதவோரம் வைத்தார்.

“மேல மறந்து வச்சிட்டீரு வே. காக்கா கொத்திட்டுப் போகும்.”

ஏழுநாளும் பார்த்திருக்கிறார் என்று அவர் கண்ணைப் பார்த்ததும் தெரிந்தது. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன்.

இல்லை என்று சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க அவரால் முடிந்தது. எனக்கு அது வராது. திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர் என் அம்மா சாவுக்கு மூன்று நாளுக்குமேல் லீவு இல்லை என்றான். ஊருக்குப் போனவன் திரும்பிப் போகவே இல்லை. சூரத்தில் சாயப்பட்டறை முதலாளி தங்க இடம் இல்லை என்றான். அன்று சாயங்காலமே ஸ்டேஷனுக்கு நடந்தேன். கோவாவில் ஒரு சமையல்காரன் இரண்டாம் தடவை மீன் இல்லை என்று சொன்னதற்காக ஓட்டல் வேலையை விட்டிருக்கிறேன். இதில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. ஒரு பை, ஒரு போர்வை. தூக்கிக்கொண்டு கிளம்பினால் தீர்ந்தது.

அவர் எப்படி என்றால், கேட்டில் நிற்க நிழல் கிடையாது. கடல்வெயில் மண்டையைப் பிளக்கும். நாலு தகரம் போட்டு ஒரு கூரை வேண்டுமென்று இன்ஜினியரிடம் கேட்டார். நான் கூட நின்றேன். இன்ஜினியர், கேட்டை அடுத்த மாதம் இடம் மாற்றப் போகிறோம், அதனால் இல்லை என்று சொல்லிவிட்டார். “செரி சார்” என்றார் இவர். மறுநாள் பனையோலைத் தொப்பி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு வந்து நின்றார். அடுத்த மாதம் கேட்டு மாறவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. இன்ஜினியர் வரும்போதெல்லாம் இவர் வழக்கம்போல் குட்மார்னிங் சொன்னார். அதில் குத்தல் எதையும் நான் கேட்கவில்லை. உள்ளுக்குள் வைத்திருக்கிறாரோ என்று பலநாள் பார்த்தேன். உள்ளேயும் இல்லை. கூரை போட்டார்களா என்றால், கடைசிவரை இல்லை.

சாப்பாட்டிலும் அப்படித்தான். அவருக்கு அவியல் என்றால் உயிர். தீர்ந்துவிட்டது என்று செண்பகம் சொன்னால் இலையில் அடுத்ததைப் பார்ப்பார். அதனாலேயே தீர்ந்து போவதற்குமுன் ஒரு கிண்ணத்தில் அவருக்கென்று அவள் எடுத்துவைக்கத் தொடங்கியிருந்தாள். சண்டை போட்டு வாங்குகிற எனக்கு யாரும் எடுத்துவைக்கவில்லை. அந்தக் கிண்ணத்தை அடுப்படி மேடையில் பார்க்கிற நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

இப்படியிருக்கும்போது ஒருநாள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். செண்பகத்தின் தங்கை வற்றல் போட வந்தாள். முக்காலியைத் தள்ளிவைத்தபடி, சாருக்குப் பைத்தியம்தான் என்று நான் ஏதோ சொன்னேன். அவள் சிரித்துவிட்டுச் சொன்னாள்:

“உங்களுக்கு அறியாதா? சார் அக்காட்ட கல்யாணம் கேட்டதாக்கும். இங்க வந்து ஆறாம் மாசம். அக்கா வேண்டாம்னு சொல்லிட்டா.”

நான் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால் நடந்தது அது. ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். வேண்டாம் என்று சொன்ன பிறகும் இந்த ஆள் வீட்டை விட்டுப் போகவில்லை. அவள் கையால் சாப்பிடுகிறார். தினமும் அவள் கண்முன்னால் ஒரு பொத்தானை அமுக்கி, வரவில்லை என்று சொல்லி, நாளைக்கு வரும் என்று அவள் வாயாலேயே சொல்லவைக்கிறார். இதைவிட நல்ல உபாயம் உண்டா? ஒருநாள் அவள் மனசு மாறும். அதற்காகத்தான் காத்துக் கிடக்கிறார். எனக்கு நாற்பத்தொரு வருஷமாகத் தெரியாமல் போன வித்தை இதுதான் என்று பட்டது. ஒரு தடவை இல்லை என்றால் போய்விடக் கூடாது. மறுபடி அமுக்க வேண்டும்.

அவரைவிட வேகமாக அமுக்குவது என்று தீர்மானித்தேன்.

முதல் தடவை கேட்டபோது அவள் முற்றத்தில் சேனை அரிந்துகொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டாள். என் ஊரைக் கேட்டாள், அம்மா அப்பா இருக்கிறார்களா என்று கேட்டாள். பிறகு, அதெல்லாம் தனக்கு வேண்டாம், இப்படியே இருப்பதுதான் நிம்மதி, மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள். வேறு சமயமாக இருந்தால் அன்றைக்கே பையைத் தூக்கியிருப்பேன். அன்று நான் கலங்கவே இல்லை. முதல் ‘என்’ என்று எண்ணிக்கொண்டேன்.

மறுவாரம் மறுபடி கேட்டேன். போன வாரம்தானே சொன்னேன் என்று சிரித்தாள். நாலுநாள் கழித்துக் கேட்டேன். சிரிக்கவில்லை. பிறகு இரண்டு நாளுக்கு ஒருதடவை, அப்புறம் தினமும். கை கழுவும்போது கேட்பேன். படியில் எதிர்ப்பட்டால் கேட்பேன். சாந்தமாகத்தான் கேட்டேன், குரல் உயர்த்தியதில்லை, தப்பான வார்த்தை பேசியதில்லை. அதனால் நான் செய்வதில் குற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவள் இல்லை என்று சொன்னதும், ஜப்பான்காரரைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு, “செரி, நாளைக்கு” என்பேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவரை ஜெயிக்கிறேன் என்று ஒரு சந்தோஷம் இருந்தது.

அந்த வருஷம் பொங்காலைக்கு முந்தின நாள் சாயங்காலம். ஆற்றுகால் அம்மனுக்குப் பொங்கல் வைக்க ஊர் முழுக்கத் தெருவில் பெண்கள் அடுப்புக்கல் போடுவார்கள். இடம் பிடிக்க முந்தின நாளே மூன்று செங்கல்லை வைத்துவிட்டுப் போவதுண்டு. செண்பகத்துக்குச் செங்கல் சுமந்து கொடுத்தேன். வாசலிலிருந்து கிள்ளிப்பாலம் போகிற வழியில் அவள் குனிந்து கல்லை அடுக்கினாள். இரண்டு பக்கமும் தெருப்பெண்கள். அம்மனுக்கு அடுப்பு வைக்கிற நேரம், இன்றைக்கு இல்லை என்று சொல்ல மாட்டாள் என்று கணக்குப் போட்டேன். அவள் காதில் விழுந்தால் போதும் என்றுதான் கேட்டேன். பக்கத்து இரண்டு பெண்களுக்கும் விழுந்துவிட்டது. ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். செண்பகம் மூன்றாவது கல்லைக் கையில் வைத்திருந்தாள். அதைக் கீழே வைக்காமல் என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். அவள் வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் அவள் பொங்கல் வைத்தாள். கூடவே தங்கையும் நின்றாள். அடுத்த நாளிலிருந்து காலையில் முற்றத்துக்கு அவள் வரவில்லை. பாத்திரம் தேய்த்தது தங்கை. சாப்பிடுகிறவர்களுக்கு இட்டிலி விளம்பியதும் தங்கை. அடுப்படியின் பாதிக்கதவு சாத்திக் கிடந்தது. சாப்பிட வந்தவர்கள் அக்காவுக்கு என்ன என்று கேட்டார்கள். சுகமில்லை என்று தங்கை சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

ஐந்தரைக்கு ஜப்பான்காரர் கூடையைத் தூக்கினார். பொத்தானை அமுக்கினார். படியிறங்கினார். கீழே யாரும் எதுவும் கேட்கவில்லை. கடைசிப் படியில் கொஞ்சம் நின்றார் என்று அவர் செருப்புச் சத்தத்தில் தெரிந்தது. அப்புறம் குழாயடிக்குப் போனார். நாலு நாள் இப்படியே. ஐந்தாம் நாள் ஞாயிறு, வேலை இல்லை. என் கதவைத் தட்டி மாடிக்கு வரச் சொன்னார். வெயில் ஏறியிருந்தது. முக்காலியில் என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவர் நின்றார்.

“அவட்ட எத்தன தடவ கேட்டீரு?”

சொன்னேன். எண்ணிக்கை என்னிடம் சரியாக இருந்தது. இருபத்துமூன்று.

“யாரப் பாத்துப் படிச்சீரு இத?”

நான் அவர் கையைப் பார்த்தேன். எதைப் பார்க்கிறேன் என்று புரிந்ததும் அவருக்கு முகம் ஒருமாதிரி ஆனது. கோபம் என்றுகூட நினைத்தேன். கடிகாரத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

“அமுக்கும்.”

அமுக்கினேன். முள் ஓடி ‘என்’னில் நின்றது.

“இன்னொருக்கா.”

அமுக்கினேன்.

“நீரு நூறு தடவ அமுக்கினாலும் இதுக்கு ஒண்ணும் நோவாது. யந்திரமாக்கும். அதனால இதுகிட்ட தினமும் கேக்கேன். மனுசிட்ட ஒருக்காதான் வே கேக்கணும். நானும் கேட்டேன். வேண்டாம்னா. அதுக்கப்புறம் எனக்குச் சோறு விளம்ப வரும்போது அவளுக்குக் கை நடுங்கும். இவன் திரும்பக் கேப்பானோன்னு. அந்த நடுக்கம் போகணுமே. போயி, அவளாவே எங்கிட்ட ஒரு வார்த்த கேக்க ரெண்டு வருசம் ஆச்சு எனக்கு.”

அந்த ஒரு வார்த்தை எது என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். தினமும் படுத்துக்கிடந்து கேட்டதுதானே.

அவர் எதற்கோ காத்திருக்கிறார் என்று நான் நினைத்ததெல்லாம் தப்பு. அவருக்கு வேண்டியது ஏற்கனவே கிடைத்திருந்தது. அவள் பயப்படாமல் அவரிடம் பேசினாள். அவ்வளவுதான் அவர் சம்பாதித்தது. அதை என்னுடைய இருபத்துமூன்று தடவையால் நான் அவருக்கும் இல்லாமல் பண்ணிவிட்டேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பதிலாக, “நான் இப்ப என்ன செய்யணும்?” என்றேன்.

“ஒண்ணும் செய்யாண்டாம். சாப்பிடும். வேலைக்குப் போவும். கேக்காதேயும். அவ்வளவுதான்.”

அப்படியே செய்வது என்று முடிவு பண்ணினேன். உண்மையாகவே முடிவு பண்ணினேன். அவள் என்னைக் கட்டிக்கொள்ள மாட்டாள் என்பது அதற்குள் எனக்கு விளங்கியிருந்தது. கட்டிக்கொள்ளாவிட்டாலும் அவருக்குக் கிடைத்தது எனக்கும் கிடைக்கட்டும் என்று இருந்தேன். காலையில் ஒரு கேள்வி. அதுபோதும்.

முதல் வாரம் அவள் வெளியே வரவே இல்லை. இட்டிலி, தங்கை, பாதிக்கதவு. டிப்பரில் கல்லை ஏற்றிக்கொண்டு போய்ப் புலிமுட்டின் நுனியில் கொட்டும்போது ஒவ்வொரு லோடுக்கும் ஒருதடவை அவளை நினைத்தேன். அன்றைக்குக் கேட்காமல் இருந்தது ஒரு பெரிய காரியம் மாதிரி ராத்திரி படுத்ததும் நாளை எண்ணினேன். ஒன்பதாம் நாள் அவள் முற்றத்துக்கு வந்தாள். ஐந்தரைக்குச் செருப்புச் சத்தம் இறங்கியது. “வந்துதா சாரே?” என்று மெதுவாகக் கேட்டாள். “வரல்ல கேட்டோ” என்றார் அவர். அவர்களுக்குத் திரும்பி வந்துவிட்டது. போர்வையை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு எரிந்தது.

பதினோராம் நாள் ராத்திரி அவளே விளம்ப வந்தாள். வரிசையாகக் கஞ்சி ஊற்றிக்கொண்டு வந்தவள் என் தட்டுக்கு வந்ததும் நின்றாள். அகப்பையின் காம்பைக் கடைசி நுனியில் பிடித்து, கையை முழுக்க நீட்டி, தூரத்தில் இருந்தபடியே ஊற்றினாள். கஞ்சி கொஞ்சம் தரையில் சிந்தியது. அதைத் துடைக்கக்கூடக் கிட்ட வரவில்லை. நாயிடம் சோறு வைக்கிறவர்கள் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அவள் கை நடுங்கியதை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று குனிந்துகொண்டேன்.

விடிந்ததும் பையைக் கட்டினேன். அறைச் சாவியை ஜப்பான்காரரிடம் கொடுத்தேன். சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு கொஞ்சம் பின்னால் இறங்கி, தெருவில் என்னோடு வந்து சேர்ந்துகொண்டார். என் போர்வைக் கட்டை வாங்கிக்கொண்டார். கிள்ளிப்பாலம் நிறுத்தத்தில் நின்றோம். நாகர்கோவில் போய் அங்கிருந்து திருநெல்வேலி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். பஸ் எதுவும் வரவில்லை. பதினோரு நாள் இருந்து பார்த்தேன் என்றேன்.

“எண்ணினீரா?” என்றார்.

“நீங்க எண்ணல்லையா?”

“இல்ல வே. எனக்கு வேற போக்கிடம் இல்ல. இருந்தேன். அவ்வளவுதான்.”

அவர் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு தகவல் மாதிரி சொன்னார். அதைக் கேட்டபோது வந்த பொறாமையை எழுத எனக்கு வார்த்தை இல்லை. எனக்கோ எல்லா ஊரும் போக்கிடம்.

தம்பானூர் பக்கமிருந்து நாகர்கோவில் பஸ் திரும்பி வந்தது. நான் பையைத் தூக்கினேன். அவர் போர்வைக் கட்டைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டார்.

“அடுத்த வண்டிக்குப் போனாப் போராதா? பத்து நிமிஷம் நில்லும்.”

“என்னத்துக்கு?”

“அவ சோறு பொதிஞ்சிட்டிருக்கா. நீரு போறீருன்னு நான் இறங்கும்போது சொன்னேன். உடனே வாழையில வாட்டத் தொடங்கிட்டா. வழியில சாப்பிடக் கொடுக்கணும்னு சொன்னா. எங்கிட்டத்தான் தருவா. ஓடிப்போயி வாங்கிட்டு வந்திடுகேன்.”

கண்டக்டர் படியில் நின்று மணிக்கயிற்றில் கை வைத்திருந்தான். ஏறுகிறீர்களா இல்லையா என்று மலையாளத்தில் கேட்டான். பஸ்ஸில் ஜன்னலோரம் ஒரு சீட்டுக் காலியாக இருந்தது. பத்து நிமிஷம்தான். பத்து நிமிஷம் நிற்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. போர்வைக் கட்டை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஏறிவிட்டேன்.

பஸ் கரமனைப் பக்கம் எடுத்தது. கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். அவர் கை ஆட்டவில்லை. ஏற்கனவே வலியசாலைப் பக்கம் திரும்பி, அவசரமில்லாமல் நடந்துகொண்டிருந்தார்.

அந்தப் பொதியை அவர்தான் சாப்பிட்டிருப்பார். வீணாக்குகிற ஆள் இல்லை. மத்தியானம் கேட்டில், வெயிலில் நின்றபடி பிரித்திருப்பார். இலை வாட்டிய மணம் வந்திருக்கும். பிறகு நான் எத்தனையோ ஊரில் எத்தனையோ விதமாகச் சாப்பிட்டேன். எனக்கென்று கட்டியதை அவர் சாப்பிட்டார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் சோறு தொண்டையில் நிற்கிறது.